வளர்ந்தோர்க்கு ஆங்கிலம் கற்பிப்போரும் உயர்நிலைத் தகுதியும்: சென்னைக் கல்லூரி முதல் ஹெப்பகோடி வரை

முன்னுரை

மொழியாசிரியர் ஒருவர் பணியில் சேர்வதற்குரிய தகுதி குறித்துத் தமிழில் பல ஆய்வுகள் வந்துள்ளன. பணியில் சேர்ந்து பல்லாண்டு பட்டறிவு பெற்ற பின்னர் அவர் அடைய வேண்டிய உயர்நிலைத் தகுதி குறித்த ஆய்வுகள் மிகச் சிலவே. அதிலும், கற்போர் சிறுவராக இல்லாமல் வளர்ந்தோராக இருக்கும்போது அத்தகுதி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது பெரிதும் கவனிக்கப்படாத பொருளாகும். தென்னிந்தியாவில் ஆங்கிலம் கற்பிப்போரின் தகுதிகள் வளர்ந்த வரலாற்றை இவ்வினாவின் வழி நோக்குவதும், பெங்களூரு நகரின் தென்கிழக்கு விளிம்பிலுள்ள ஹெப்பகோடிப் பகுதியை அவ்வரலாற்றின் இன்றைய களமாகக் கொண்டு ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆங்கிலத்தைப் பற்றிய இவ்வாய்வு தமிழ் கற்பித்தலுக்குத் தரும் பயன் இறுதியில் சுட்டப்பெறும்.

ஹெப்பகோடி: களமும் கற்போரும்

ஹெப்பகோடி, கர்நாடக மாநிலத்தின் பெங்களூரு நகர மாவட்டத்தில், ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர். பெங்களூரு நகரின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. அவ்வழியே தெற்கே சென்றால் அத்திபெலேயும், அதனை அடுத்துத் தமிழ்நாட்டின் எல்லையும், ஓசூரும் வரும். கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்றும் நெடுங்காலமாகக் கலந்து வழங்கிவரும் நிலப்பகுதி இது.

இப்பகுதியின் இன்றைய வடிவம் 1970களின் பிற்பகுதியில் தொடங்கியது எனலாம். கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், ஆர்.கே. பாலிகாவின் முயற்சியால், கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களில் 332 ஏக்கர் நிலத்தில் எலக்ட்ரானிக் சிட்டி எனப்பெறும் மின்னணு நகரை உருவாக்கியது. அதன் தெற்கே ஹெப்பகோடியும் பொம்மசந்திராவும் ஜிகினியும் தொழிற்பகுதிகளாக வளர்ந்தன. மென்பொருள் நிறுவனங்கள், மருந்து ஆக்க நிறுவனங்கள், ஆயத்த ஆடை ஆலைகள், இயந்திர உறுப்புப் பட்டறைகள், பெரிய மருத்துவமனைகள் ஆகியன ஒரே சாலையின் இருமருங்கும் எழுந்தன. 2025 ஆகஸ்டு 10 அன்று திறக்கப்பெற்ற மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை செல்கிறது. அதில் ஹெப்பகோடிக்கும் ஒரு நிலையம் உண்டு.

இத்தகைய இடத்தில் ஆங்கிலம் கற்போர் ஒரே தன்மையர் அல்லர். கன்னட வழியிலோ தமிழ் வழியிலோ பள்ளிக்கல்வி முடித்துப் பொறியியல் பட்டம் பெற்று நேர்காணலுக்குக் காத்திருப்போர் ஒரு வகையினர். வெளிநாட்டுப் பணிக்கு ஆங்கிலத் தேர்வு எழுதும் செவிலியர் மற்றொரு வகையினர். பிற மாநிலங்களிலிருந்து வந்து, மேற்பார்வையாளர் நிலைக்கு உயர விரும்பும் ஆலைத் தொழிலாளர் மூன்றாம் வகையினர். அயல்நாட்டு வாடிக்கையாளருடன் தொலைபேசியில் உரையாட வேண்டிய அழைப்பு மையப் பணியாளர் நான்காம் வகையினர். இவர்கள் அனைவரும் வளர்ந்தோர். ஒவ்வொருவரும் தம் தாய்மொழியை முழுமையாகப் பெற்றவர். பணியும் குடும்பமும் உடையவர். காலத்தையும் ஊதியத்தின் ஒரு பகுதியையும் செலவிட்டுக் கற்பவர். இவர்களுக்குக் கற்பிப்போரின் தகுதி யாது என்னும் வினா வெறும் கல்வியியல் வினா அன்று. பிழைப்போடு தொடர்புடைய வினாவாகும்.

முதியோர், வளர்ந்தோர்: ஒரு சொல்லாய்வு

இவ்வினாவை எழுப்புவதற்கே தமிழில் சொல் தடையாக நின்றது என்று கூறலாம். 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பெற்ற தேசியத் திட்டம் தமிழில் 'முதியோர் கல்வி' என்ற பெயரால் அறியப்பட்டது. பதினைந்து வயது கடந்தோர்க்கு உரிய அக்கல்வி, 'முதியோர்' என்ற சொல்லால் வயது முதிர்ந்தோரையே நினைவூட்டியது. பின்னர் 'வயது வந்தோர் கல்வி' என்ற தொடர் வழக்கிற்கு வந்தது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தோன்றியது. 1990களில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் பரவியது. இவ்வியக்கங்களின் சமூகப் பயன் பெரிது. ஆயினும், இவற்றின் வழியே வயது வந்தோர் கல்வி என்பது தாய்மொழியில் எழுத்தறிவித்தல் என்ற பொருளிலும், அதனைக் கற்பிப்போர் தொண்டர் என்ற பொருளிலும் நிலைபெற்றது. தொண்டருக்கு ஆர்வமே தகுதி. உயர்நிலைப் பட்டயம் பற்றிய எண்ணம் அங்கு எழ வாய்ப்பில்லை. எழுத்தறிவு பெற்ற வளர்ந்தோர் ஒருவர் இரண்டாம் மொழியைக் கற்கும் நிலையும், அவருக்குக் கற்பிப்பதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட ஆசிரியரின் நிலையும் இச்சொல்லாட்சிக்கு வெளியே நின்றன. எனவே இக்கட்டுரையில் 'வளர்ந்தோர்' என்ற சொல் பயன்படுத்தப்பெறுகிறது.

சென்னைக் கல்லூரி: மறக்கப்பட்ட முன்னோடி

வளர்ந்தோர்க்கு இரண்டாம் மொழி கற்பிக்கும் முறைசார்ந்த ஏற்பாடு தென்னிந்தியாவில் ஆங்கிலத்தில் தொடங்கவில்லை; தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கியது. 1812இல் எல்லிஸ் பெருமுயற்சியால் நிறுவப்பெற்ற புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அலுவலர்க்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பித்தது. 'சென்னைக் கல்லூரி' எனத் தமிழறிஞர் குறிக்கும் இந்நிறுவனம் திராவிட மொழியியல் வரலாற்றிலும் அச்சு வரலாற்றிலும் பெற்ற இடம் நன்கு அறியப்பட்டது. ஆசிரியர் தகுதி வரலாற்றில் அதற்குரிய இடம் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

அக்கல்லூரியில் தேர்வுக்கு உட்பட்டோர் மாணாக்கரான ஆங்கிலேயர் மட்டுமல்லர். அவர்களுக்குக் கற்பிக்க வேண்டிய உள்நாட்டு ஆசிரியரும் அங்குப் பயிற்சி பெற்றனர். அவர்தம் புலமையும் தேர்வுக்கு உட்பட்டது. மரபான இலக்கணப் புலமை மட்டும் இருந்தால் போதாது, வேற்று மொழியாளர்க்கு விளங்குமாறு சொல்லும் ஆற்றலும் வேண்டும் என்னும் உணர்வு அங்குச் செயல்வடிவம் பெற்றது. கல்லூரியின் தமிழ்த் தலைமையாசிரியருள் ஒருவரான தாண்டவராய முதலியார் இயற்றிய பஞ்சதந்திர உரைநடை 1826இல் வெளிவந்தது. தமிழ் உரைநடை வரலாற்றில் மைல்கல்லாகக் கருதப்பெறும் அந்நூல், வளர்ந்தோர் தமிழ் கற்பதற்குரிய பாடநூல் என்ற நோக்கிலும் எண்ணத்தக்கது. எளிய தொடர், தெளிந்த கதைப்போக்கு, பேச்சுக்கு அணுக்கமான நடை ஆகியன கற்போரின் தேவையிலிருந்து பிறந்தவை எனலாம்.

இம்மரபு தொடரவில்லை. 1835இல் மெக்காலேயின் குறிப்பு ஆங்கிலக் கல்விக்கு முதன்மை தந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஆசிரியப் பயிற்சி, எல்.டி. என்றும் பின்னர் பி.டி. என்றும் இன்று பி.எட். என்றும் வழங்கும் பள்ளி ஆசிரியர் தகுதியாக நிலைபெற்றது. கற்போர் சிறுவர், கற்பிப்போர் பள்ளி ஆசிரியர் என்ற அமைப்பே ஆசிரியக் கல்வியின் இலக்கணமாயிற்று. வளர்ந்தோர் தனி ஆசிரியரிடமோ நூல்வழித் தாமாகவோ கற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். அயலவர் தமிழ் கற்பதற்கெனக் கைந்நூல்கள் எழுதிய ஜி.யு. போப், 1871 முதல் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. வளர்ந்தோர்க்குத் தமிழ் கற்பித்தல் பற்றி ஆழ்ந்து சிந்தித்த அவரும், நிறுவன நிலையில் ஆற்றிய பணி சிறுவர் கல்வியே ஆகும்.

விடுதலைக்குப் பின்: ஐதராபாத்தும் பெங்களூரும்

விடுதலைக்குப் பின் ஆங்கிலம் கற்பித்தலைத் தனித்துறையாக வளர்க்கும் முயற்சி 1958இல் ஐதராபாத்தில் நிறுவப்பெற்ற மத்திய ஆங்கில நிறுவனத்தால் வலுப்பெற்றது. 1972இல் அது மத்திய ஆங்கில, அயல்மொழிகள் நிறுவனம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2007இல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றுக் கற்பித்துவந்த ஆசிரியர்க்கு மொழியியல், ஒலியியல், கற்பித்தல் முறை ஆகியவற்றில் முதுநிலைப் பட்டயம் வழங்கிய முதன்மை நிறுவனம் இதுவே. இலக்கியம் கற்றவர் மொழியைக் கற்பிக்கவும் வல்லவர் என்ற நம்பிக்கையை இந்நிறுவனத்தின் பாடத்திட்டமே மறுத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இந்நிறுவனத்தின் இயக்குநராக விளங்கியவருள் ஒருவர் கன்னடக் கவிஞர் வி.கி. கோகாக். இவர் தலைமையில் பின்னாளில் அமைந்த குழுவின் பரிந்துரையே, கர்நாடகப் பள்ளிகளில் கன்னடத்துக்கு முதலிடம் கோரி 1980களின் தொடக்கத்தில் எழுந்த கோகாக் கிளர்ச்சிக்கு அடிப்படையாயிற்று. ஆங்கிலம் கற்பித்தலை அறிவியல்வழிச் செம்மை செய்தவரே தாய்மொழியின் முதன்மையையும் வலியுறுத்தினார் என்பது, இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன என்று கருதுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

1963இல் பெங்களூரில் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் தோன்றியது. தென் மாநிலங்களின் பள்ளி ஆசிரியர்க்குப் பணியிடைப் பயிற்சி அளிப்பது அதன் முதன்மைப் பணி. பட்டறிவு உடைய ஆசிரியரை வகுப்பிலிருந்து சில காலம் விடுவித்து, ஓரிடத்தில் தங்கவைத்து, மீண்டும் கற்க வைக்கும் ஏற்பாடு தென்னிந்தியாவில் இதனால் நிலைபெற்றது. ஆயினும் இந்நிறுவனத்தின் நோக்கிலும் கற்போர் பள்ளிச் சிறுவரே.

கல்லூரி ஆசிரியரின் நிலையோ வேறு. கல்லூரியில் சேரும் மாணவர் வயதால் வளர்ந்தோரே. அவர்க்குக் கற்பிப்போர்க்குப் பயிற்சிப் பட்டம் வேண்டும் என்ற விதி இல்லை. 1989 முதல் நடைபெற்றுவரும் தேசியத் தகுதித் தேர்வின் முதல் தாள் கற்பித்தல் திறன் குறித்து வினவினும், தேர்வு எழுதுபவர் வகுப்பில் நின்று கற்பிப்பதை அது காண்பதில்லை. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை ஒட்டித் தோன்றிய கல்விப்பணியாளர் கல்லூரிகள் நடத்திய புத்தொளிப் பயிற்சிகள் பெரும்பாலும் பாடப்பொருள் அறிவை விரிவாக்குவனவாகவே அமைந்தன.

சென்னைப் பனிப்பந்து: விரைவும் விளைவும்

தகுதியை உயர்த்துவதில் எண்ணிக்கையை முன்னிறுத்தினால் நேர்வது யாது என்பதற்குச் சென்னை மாநிலத்தில் 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த முயற்சி சான்றாகும். தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பித்த ஏறத்தாழ 27,000 ஆசிரியர்க்கு அமைப்புமுறைக் கற்பித்தலில் மறுபயிற்சி அளிப்பது அதன் இலக்கு. சிலரைப் பயிற்றி, அவர் பலரைப் பயிற்ற, அப்பலர் மேலும் பலரைப் பயிற்றும் படிமுறையைக் கையாண்டமையால், உருளுந்தோறும் பெருகும் பனிப்பந்தோடு ஒப்பிட்டு இதனைச் 'சென்னைப் பனிப்பந்து' எனக் கல்வியியலார் குறித்தனர். டி.ஏ. ஸ்மித் இதுபற்றி 1962இல் எழுதியுள்ளார்.

இத்தகைய படிமுறைப் பயிற்சிக்கு இயல்பாகவே ஒரு குறை உண்டு. ஒவ்வொரு படியிலும் முறையின் வெளித்தோற்றம் கைமாறுகிறது. அதன் காரணம் தேய்கிறது. ஏன் இவ்வாறு கற்பிக்கிறோம் என்ற விளக்கம் முதற்படியில் இருந்தவரோடு நின்றுவிட, இவ்வாறு கற்பி என்ற கட்டளை மட்டும் இறுதிப்படியை அடைகிறது. முன்பின் பயிற்சி இல்லாதவர்க்குக் கட்டளையும் ஓரளவு பயன்படும். பட்டறிவு உடையவர்க்கோ அது பயன்படுவதில்லை. அவர் தம் பழைய பழக்கத்தோடு புதிய சடங்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்வார். உயர்நிலைத் தகுதி என்பது கூடுதல் கட்டளைகளின் தொகுப்பாக அமைய இயலாது என்பது இதனால் பெறப்படும்.

பெங்களூர்த் திட்டம்: ஆசிரியரின் நம்பிக்கையே அறிவாதல்

உலக ஆங்கிலக் கல்வி வரலாற்றில் பெங்களூரின் பெயர் நிலைபெறக் காரணமானது என்.எஸ். பிரபு முன்னின்று நடத்திய உரையாடல்வழிக் கற்பித்தல் திட்டம். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய பிரபு, பெங்களூர் மண்டல ஆங்கில நிறுவனத்தின் துணையோடு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களின் பள்ளி வகுப்புகளில் இதனை நடத்தினார். இலக்கண அமைப்புகளை வரிசைப்படுத்திக் கற்பிப்பதை இத்திட்டம் கைவிட்டது. ரயில் கால அட்டவணையைப் பார்த்துப் பயணத்தைத் திட்டமிடுதல், வரைபடத்தைக் கொண்டு வழி சொல்லுதல் போன்ற சிந்தனைப் பணிகள் மாணவர்க்குத் தரப்பட்டன. ஒரு பணியை ஆசிரியர் முதலில் வகுப்போடு கூடிச் செய்வார். அதனை ஒத்த மற்றொன்றை மாணவர் தாமே செய்வார். மனம் பொருளில் ஊன்றியிருக்கும்போது மொழியமைப்பு தானே உருவாகும் என்பது திட்டத்தின் கருதுகோள். இவ்வனுபவத்தைப் பிரபு 1987இல் நூலாக வெளியிட்டார்.

ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிசும் 1985இல் வெளியிட்ட மதிப்பீடு, ஒப்பீட்டின் இடர்ப்பாடுகளைச் சுட்டியதோடு, திட்டத்திற்குப் பொதுவாகச் சாதகமாகவே அமைந்தது. ஆயினும் இக்கட்டுரைக்கு அதனினும் முதன்மையானது பெரெட்டா 1990இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு. திட்டத்தில் கற்பித்தோரின் வாய்மொழிகளைத் திரட்டி ஆராய்ந்த அவர், பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்கள் இம்முறையைக் கையாளப் பெரிதும் இடர்ப்பட்டனர் என்றும், கல்வியியலில் ஆழ்ந்த பயிற்சியும் திட்டத்தோடு நெருங்கிய தொடர்பும் உடையோர் அதனைத் தம்வயமாக்கிக்கொண்டனர் என்றும் கண்டார். முறையின் வெற்றி முறையில் மட்டும் இல்லை. அதனைக் கையாள்வோரின் உயர்நிலை அறிவிலும் உள்ளது என்பது இதன் பொருள்.

பிரபு இதனையே வேறொரு கோணத்தில் வளர்த்தார். சிறந்த முறை என்று ஒன்று ஏன் இல்லை என வினவிய அவரது 1990ஆம் ஆண்டுக் கட்டுரை, கற்பித்தல் எவ்வாறு கற்றலை விளைவிக்கிறது என்பது பற்றி ஒவ்வோர் ஆசிரியரிடமும் பட்டறிவின்வழி உருவாகும் நம்பிக்கையுணர்வை மையமாக வைக்கிறது. அவ்வுணர்வு உயிர்ப்புடன் இருந்து, புதிய சான்றுகளால் மாறிக்கொண்டே இருக்குமாயின் கற்பித்தல் பயனுடையதாகும். உறைந்துபோயின் எந்த முறையும் சடங்காகும். பட்டறிவு என்பது ஆண்டுகளின் எண்ணிக்கை அன்று, ஓயாது திருத்தப்பெறும் கருத்து என்னும் இவ்விளக்கம் தென்னிந்திய வகுப்பறைகளில் பிறந்தது. எனினும் இதனை அடிப்படையாகக் கொண்டு பட்டறிவு மிக்க ஆசிரியர்க்கான தகுதிப் படிநிலை ஒன்று இம்மண்ணில் வேரூன்றவில்லை.

டெல்டா: வகுப்பறையே தேர்வுக்கூடம்

அத்தகைய படிநிலை உருவானது பிரிட்டனில். அதன் தோற்றுவாய் பல்கலைக்கழகம் அன்று. வளர்ந்தோர்க்கு ஆங்கிலம் கற்பித்த தனியார் பள்ளிகள். ஜான் ஹேகிராஃப்ட் தம் மனைவி பிரிட்டாவோடு 1953இல் ஸ்பெயின் நாட்டின் கோர்டோபாவில் மொழிப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1959இல் இலண்டனில் இன்டர்நேஷனல் ஹவுஸ் உருவாயிற்று. தம் பள்ளிகளுக்கு வேண்டிய ஆசிரியரை உருவாக்க 1962இல் அவர் குறுகியகாலச் செய்முறைப் பயிற்சியைத் தொடங்கினார். உண்மையான மாணவர்க்கு முன் முதல் நாளிலிருந்தே கற்பித்துப் பழகுவது அதன் தனித்தன்மை. மறுபுறம், அரச கலைக் கழகம் பணியிலுள்ள ஆசிரியர்க்கான உயர்நிலைத் தேர்வுகளை 1960களின் பிற்பகுதி முதல் நடத்திவந்தது. இவ்விரு ஓடைகளும் காலப்போக்கில் இணைந்தன. 1988இல் இத்தேர்வுகளின் பொறுப்பு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தேர்வமைப்பிற்கு மாறியது. 1990களில் தொடக்கநிலைச் சான்றிதழ் 'செல்டா' எனவும் உயர்நிலைப் பட்டயம் 'டெல்டா' எனவும் பெயர் பெற்றன. வளர்ந்தோர்க்கு ஆங்கிலம் கற்பித்தல் என்பதே இப்பெயர்களின் முதல் விரிவில் இடம்பெற்றது. பின்னர் பிறமொழி பேசுவோர்க்கு ஆங்கிலம் கற்பித்தல் என விரிவு மாறியது.

தமிழர்க்குக் காவிரிப் படுகையை நினைவூட்டும் பெயருடைய இப்பட்டயம் 2008இல் மூன்று கூறுகளாக மறுவடிவம் பெற்றது. முதற்கூறு, மொழி, கற்பித்தல் முறை ஆகியன குறித்த எழுத்துத் தேர்வு. தொண்ணூறு நிமிடத் தாள்கள் இரண்டு. இரண்டாம் கூறு வகுப்பறைச் செயற்பாடு. ஆசிரியர் ஒரு மொழிக்கூறையோ திறனையோ எடுத்துக்கொண்டு, அதில் கற்போர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளை ஆராய்ந்து கட்டுரை எழுதி, அதன் அடிப்படையில் பாடம் நடத்துவார். இவ்வாறு மதிப்பிடப்பெறும் பாடங்கள் நான்கு. அவற்றுள் இறுதிப் பாடத்தைப் பயிற்சி மையத்தோடு தொடர்பில்லாத புறத்தேர்வாளர் ஒருவர் மதிப்பிடுவார். பாடம் முடிந்ததும் அதனைப் பற்றிய தன்மதிப்பீட்டையும் ஆசிரியர் எழுத வேண்டும். தம் நம்பிக்கைகளையும் பழக்கங்களையும் தாமே ஆராய்ந்து, புதியதொரு முறையைச் சோதித்துப் பார்க்கும் தனி ஒப்படைப்பும் உண்டு. மூன்றாம் கூறு, குறிப்பிட்ட வகைக் கற்போரின் தேவையை ஆராய்ந்து, அவர்க்குரிய பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டையும் வகுக்கும் 4,000 முதல் 4,500 சொற்கள் வரையிலான விரிந்த கட்டுரை.

இக்கட்டமைப்பில் சிறப்பாக நோக்கத்தக்கன இரண்டு. ஒன்று, பட்டறிவு பெற்றவராயினும் அவர் கற்பிப்பதைப் பிறர் கண்டு மதிப்பிடுதல். நம் நாட்டில் ஆசிரியர் ஒருவரின் வகுப்பைப் பிறர் காண்பது பெரும்பாலும் அவர் பயிற்சி மாணவராக இருக்கும்போது மட்டுமே. பணியேற்ற பின்னர் வகுப்பில் ஒருவர் வந்து அமர்வது மேலாய்வு என்றே கொள்ளப்படுகிறது. மற்றொன்று, கற்போரின் தேவையை ஆராய்வதை ஆசிரியரின் கடமையாக்குதல். ஹெப்பகோடியில் செவிலியர்க்கும் ஆலை மேற்பார்வையாளர்க்கும் ஒரே நூலைக் கொண்டு கற்பிக்கும் நிலை தவிர்க்கப்பட வேண்டுமாயின் இத்திறன் இன்றியமையாதது.

இப்பட்டயத்தின் எல்லைகளும் சுட்டத்தக்கன. இது பெருஞ்செலவுடையது, கட்டணம் அயல்நாட்டு அளவில் அமைவதால் இந்திய ஆசிரியருள் மிகச் சிலர்க்கே எட்டுவது. பல மொழியினர் கலந்த சிறு வகுப்புகளை மனத்திற்கொண்டு வளர்ந்த மரபு ஆதலின், கற்போரின் தாய்மொழியைத் துணையாகக் கொள்ளும் கற்பித்தலுக்கு அதில் நெடுங்காலம் போதிய இடம் இருந்ததில்லை. கன்னடமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் அறிந்த ஹெப்பகோடி ஆசிரியர் ஒருவர், கற்போரின் பிழையை அவர்தம் தாய்மொழியோடு ஒப்பிட்டு உடனே விளக்க வல்லவர். இவ்வாற்றலை அளக்கும் கோல் அயலில் உருவான பட்டயத்தில் முழுமையாக அமைதல் அரிது.

நன்னூல் தரும் அளவுகோல்

ஆசிரியரின் தகுதியை அளப்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமையாக்குகிறது. ஆசிரியர் ஆகாதார்க்குப் பவணந்தியார் காட்டும் உவமைகள் இவ்வாய்வுக்கு இன்னும் நெருக்கமானவை. கழற்காய் பெய்த குடம், காய்களை இட்ட முறையில் தராமல் முறைமாறிச் சொரிவது. கொண்டதை ஒழுங்குபடுத்தித் தர இயலாதவர்க்கு இஃது உவமை. பஞ்சு அடைத்த குண்டிகை, சிறிது சிறிதாகவே நிரம்பிச் சிறிது சிறிதாகவே வெளிப்படுவது. கற்றதை மாணவர்க்கு எளிதில் வழங்க மாட்டாதவர்க்கு இஃது உவமை. இவ்விருவரிடமும் அறிவு இல்லாமல் இல்லை. வெளிப்படுத்தும் இடத்தில்தான் குறை. இக்குறையை எழுத்துத் தேர்வு காட்டிக்கொடாது. கற்பிக்கும்போது உடனிருந்து காண்பவர்க்கே புலப்படும். டெல்டாவின் இரண்டாம் கூறு அளக்க முயல்வது இதனையே எனலாம். மரபிலுள்ள இவ்வளவுகோல் தற்கால ஆசிரியத் தகுதிகளுள் செயல்வடிவம் பெறவில்லை என்பதே உண்மை.

தமிழ் கற்பித்தலுக்கு ஒரு பாடம்

வளர்ந்தோர்க்குத் தமிழ் கற்பிப்பதில் சென்னைக் கல்லூரிக்குப் பின் இந்திய அளவில் நிலையான ஏற்பாடாக அமைந்தது மைசூரில் 1969இல் தோன்றிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அதன் தென்மண்டல மொழி மையமும் ஆகும். பிற மாநில ஆசிரியர்க்கு அங்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகிய மொழிகள் பத்து மாதப் பயிற்சியாகக் கற்பிக்கப்பெற்றன. அம்மையத்தில் கற்பித்தோரின் பட்டறிவு பெரிது. எனினும் அப்பட்டறிவைப் பிறர்க்குக் கைமாற்றி, மதிப்பிட்டு, வளர்ந்தோர்க்குத் தமிழ் கற்பிக்கும் உயர்நிலைத் தகுதியாக வளர்க்கும் முயற்சி பரவலாகவில்லை.

இன்று அயலகத் தமிழரின் அடுத்த தலைமுறையினர், பிற மாநிலத்திலிருந்து தமிழ்நாட்டில் பணியாற்ற வருவோர், வெளிநாட்டு ஆய்வாளர் எனத் தமிழ் கற்கும் வளர்ந்தோர் பலராவர். அவர்க்குக் கற்பிப்போர் தமிழ் இலக்கியத்தில் முதுகலையோ முனைவர் பட்டமோ பெற்றவராக இருக்கலாம். இலக்கியப் பட்டமே மொழி கற்பித்தலுக்குப் போதும் என்று ஆங்கிலத் துறையினர் ஒரு காலத்தில் கொண்டிருந்த நம்பிக்கையே இங்கு நீடிக்கிறது. அந்நம்பிக்கையிலிருந்து ஆங்கிலத் துறையினர் ஐதராபாத் நிறுவனம் தோன்றிய 1958ஆம் ஆண்டிலேயே விலகத் தொடங்கினர் என்பது தமிழ்த்துறைகள் கருதத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. தென்னிந்தியாவில் வளர்ந்தோர்க்கு இரண்டாம் மொழி கற்பிப்பதும், அவ்வாறு கற்பிப்போரைத் தேர்வுக்கு உட்படுத்துவதும் சென்னைக் கல்லூரியில் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளிலேயே தொடங்கின. பின்வந்த ஆசிரியப் பயிற்சி பள்ளிச் சிறுவரை மையமாகக் கொண்டமையால் அம்மரபு அறுந்தது.

2. விடுதலைக்குப் பின் தோன்றிய ஆங்கில நிறுவனங்கள் பணியிலுள்ள ஆசிரியரின் தகுதியை உயர்த்தின. எனினும் பள்ளிக்கு வெளியே வளர்ந்தோர்க்குக் கற்பிப்போர் அவற்றின் மையக் கவனத்தைப் பெறவில்லை.

3. சென்னைப் பனிப்பந்தும் பெங்களூர்த் திட்டமும் தம்முள் மாறுபட்ட முயற்சிகளாயினும், முறையைக் கைமாற்றுவது மட்டும் ஆசிரியரை உயர்த்தாது என்னும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன.

4. டெல்டா போன்ற தகுதிகள், பட்டறிவு மிக்க ஆசிரியரின் வகுப்பறையையே தேர்வுக்கூடமாக்கும் வழியைக் காட்டுகின்றன. அவற்றின் செலவும் அயற்சார்பும் இந்திய ஆசிரியர்க்குத் தடையாவன.

5. கற்போரின் தாய்மொழி அறிவைத் துணையாகக் கொண்டதும், வகுப்பறை நோக்கலை அடிப்படையாகக் கொண்டதும், எட்டத்தக்க கட்டணத்தில் அமைவதுமான உயர்நிலைப் பட்டயம் ஒன்றைத் தென்னிந்தியப் பல்கலைக்கழகங்கள் வகுக்க இயலும். ஆங்கிலத் துறைகளும் தமிழ், கன்னடத் துறைகளும் கூடிச் செய்யத்தக்க பணி இது.

ஹெப்பகோடியின் ஆலையில் பகல் முழுதும் உழைத்து மாலையில் மொழி கற்க வரும் தொழிலாளர், தம் ஆசிரியர் எத்தனை ஆண்டு கற்பித்தவர் என்பதை மட்டுமே கேட்டறிய இயலும். அவ்வாண்டுகளில் அவ்வாசிரியர் எதனைக் கற்றார் என்பதை அறிந்துகொள்ளும் வழியைக் கல்வி நிறுவனங்கள்தாம் அவர்க்கு உருவாக்கித் தர வேண்டும்.